தெளிவாக விழுந்த ஒரே படம்

பறவைப் படம் எடுப்பதில் நான் ஒரு நிபுணன் என்று முதன்முதலில் அறிவித்தவர் ஒரு காப்புறுதி முகவர். பினாங்குத் தீவில், பாயான் பாருவில் எங்கள் வட்டாரத்து நற்பணி மன்றத்துக்கு அவர்தான் தலைவர். யாரையாவது எதிலாவது நிபுணர் ஆக்கிவிடுவது அவர் சுபாவம். வீட்டு வாசலில் நான்கு கறிவேப்பிலைச் செடி வைத்திருந்த ஒருவரை இயற்கை வேளாண் அறிஞர் என்று மேடையேற்றியவர். என் முறை வந்தபோது நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை.

நான் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவு மேற்பார்வையாளர். பன்னிரண்டு பெண்கள் நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் குனிந்து, ஈயப் பற்றில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அவர்கள் தவறவிடுவதை நான் பிடிக்க வேண்டும். எட்டு மணி நேரம் தெளிவை மட்டுமே தேடுகிற ஆள், விடுமுறை நாளில் காட்டுக்குப் போய் எடுத்து வந்த படங்களோ ஈரத்துணியால் துடைத்த மாதிரி இருந்தன.

லென்ஸ் நல்ல லென்ஸ். என் முழங்கை நீளம் இருக்கும். ஒரு போனஸ் முழுதும் அதற்குள் போயிற்று. அதைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணிமலைத் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் காட்டுப் பாதையில் ஏறினால், காலை நடை போகிறவர்கள் ஒதுங்கி வழி விடுவார்கள். சிலர் என்ன பறவை என்று மரியாதையாகக் கேட்பார்கள். நானும் மேலே எங்கேயாவது பார்த்துவிட்டு, இன்னும் வரவில்லை என்பேன். பறவை வந்தபோதெல்லாம் லென்ஸ் முன்னுக்கும் பின்னுக்குமாக அலைந்து, கடைசியில் அதற்கு முன்னால் இருந்த ஓர் இலையைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு வருடத்தில் அந்தக் காட்டின் இலைகளை என்னைப் போலத் தெளிவாகப் படம் எடுத்தவர் யாரும் இல்லை.

மங்கின படங்களையும் மன்றத்தின் கைப்பேசிக் குழுவில் போடுவேன். "சூப்பர் அண்ணே" என்று பதினைந்து பேர் எழுதுவார்கள். ஒருவர் மட்டும் ஒருமுறை, இது பறவையா மரத்து முண்டா என்று கேட்டார். அவரைச் சில நாள் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த ஒரு படம் விழுந்த கதை இது. காட்டில் சோலைபாடி என்று ஒரு பறவை உண்டு. மலாய்க்காரர்கள் முராய் பத்து என்பார்கள். கறுப்பு உடம்பு, செங்காவி வயிறு, நீண்ட வால். கீழ்மட்டத்தில், வெளிச்சம் எட்டாத புதரில்தான் இருக்கும். அன்றைக்கு ஒரு சாய்ந்த கிளையில் இரண்டு தடவை வந்து உட்கார்ந்து என்னை ஏமாற்றிவிட்டுப் போயிற்று. மூன்றாவது தடவைக்காக முக்காலியில் கேமராவை நிறுத்தி, அந்தக் கிளையில் ஃபோகஸ் வைத்தேன். லென்ஸ் மறுபடி அலைய ஆரம்பித்தது. அது கிளைக்குத் திரும்பின நொடியில், கோபத்தில் தானியங்கி ஃபோகஸை அணைத்துவிட்டு ஒரு பாறையில் உட்கார்ந்தேன். கையில் ஷட்டரை அழுத்துகிற ஒயர் இருந்தது. அதை வைத்துவிட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

அப்போது முழங்காலுக்குக் கீழே ஏதோ குளிர்ந்தது. காலுறையை இறக்கிப் பார்த்தால் அட்டை. நன்றாகக் குடித்து உருண்டிருந்தது. எனக்கு அட்டை என்றால் உடம்பு கூசும். வலது கையால் அதைப் பிடித்து இழுக்க, அது நீண்டுகொண்டே வர, நான் பல்லைக் கடித்துக்கொண்டு இடது கையை இறுக்கிப் பிடித்திருக்கிறேன். இடது கையில் ஒயர். கேமரா படபடவென்று எடுத்துக்கொண்டே போனது என் காதில் விழுந்தது. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அட்டைதான் முக்கியம்.

வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தேன். வெறும் கிளை பத்து படம். பதினோராவதில் சோலைபாடி. தலையைத் திருப்பி நேராகப் பார்க்கிறது. கண்ணுக்குள் வானத்தின் வெள்ளைப் புள்ளி. அலகின் ஓரத்தில் இருக்கிற மீசை முடியை எண்ணலாம். நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கெப்பாலா பத்தாஸில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை செய்கிறாள். தினமும் கடல் பாலம் தாண்டிப் போய் வருகிற களைப்பில் என் பறவைகளைப் பற்றிக் கருத்து சொல்வதை நிறுத்தி ஒரு வருடம் ஆகியிருந்தது. குனிந்து பார்த்தாள். யார் எடுத்தது என்று கேட்டாள்.

படம் குழுவில் போனது. மன்றத்து நாட்காட்டியில் மார்ச் மாதத்துக்கு ஏறியது. பக்கத்துத் தாமான் குடியிருப்புகளிலிருந்தெல்லாம் தலைவருக்கு அழைப்பு வந்ததாம். ஒரு மாலை அவரே வீட்டுக்கு வந்து, பறவைகளைத் தெளிவாகப் படம் எடுப்பது எப்படி என்று நான் மன்றத்தில் பேச வேண்டும், மறுநாள் காலை எல்லோரையும் காட்டுக்கு அழைத்துப்போய்ச் செய்து காட்ட வேண்டும் என்றார். எனக்கு அவ்வளவு தெரியாது என்றேன். தெரிந்தவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள் என்றார். தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் தேதியும் குறித்துவிட்டார்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. பேச ஐந்து வாரம் இருந்தது. என்னிடம் இருந்ததோ ஒரே ஒரு படம். அதையும் எடுத்தது நானில்லை, ஒரு அட்டை.

தொழிற்சாலையில் ஒரு சில்லு பழுதானால், ஏன் என்று ஐந்து தடவை கேட்டு மூல காரணத்தைக் கண்டுபிடிப்போம். பழுதானதற்குக் கேட்டுத்தான் எனக்குப் பழக்கம். இங்கே சரியாக வந்ததற்குக் கேட்க வேண்டியிருந்தது. சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து, அந்தப் படத்தில் பதிவாகியிருந்த விவரங்களை எழுதினேன். கேமரா முக்காலியில் அசையாமல் இருந்தது. வழக்கமாக நான் கையில் பிடித்துக்கொண்டு அதைத் துரத்துவேன். ஷட்டர் வேகம் ஆயிரத்தில் ஒரு நொடி. முந்தின நாள் கடலோரத்தில் கழுகு எடுக்க வைத்த வேகம், காட்டுக்குள் வந்து குறைக்க மறந்துபோயிற்று. அதனால் படத்தில் கொஞ்சம் மணல் தூவின மாதிரிப் புள்ளிகள் இருந்தாலும், பறவை தலையைத் திருப்பினது கலங்கவில்லை. ஃபோகஸ் கிளையில், பறவை வருவதற்கு முன்னாலேயே வைத்தது. அலைகிற தானியங்கி அணைந்திருந்தது. யாரும் அதை நோக்கி லென்ஸைத் திருப்பிப் பயமுறுத்தவும் இல்லை.

மனைவி எதிரே உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். அவள் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்ப நீங்க அங்க இல்லாததுதான் காரணமா?"

தாளில் அதையும் எழுதிக்கொண்டேன்.

பேசுவதற்கு முன்னால் ஒரு படமாவது தெரிந்து எடுத்துவிட வேண்டும் என்று எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால், காடிகள் நிற்கிற வாகன நிறுத்துமிடத்தில் பயிற்சி தொடங்கினேன். அங்கே ஒரு மாமரம். அதில் ஒரு சின்னான் ஜோடி வந்து போகும். காலையில் வேலைக்குப் போகுமுன் முக்காலியை நிறுத்தி, அவை வந்து உட்காருகிற கொப்பில் ஃபோகஸ் வைத்துக் காத்திருப்பேன். நான்காம் நாள் காவலாளி வந்தார். தமிழர்தான். மூன்றாம் மாடியில் யாரோ, ஓர் ஆள் பெரிய கேமராவால் தங்கள் சன்னலைப் படம் எடுக்கிறான் என்று நிர்வாகத்தில் புகார் கொடுத்துவிட்டார்களாம். நான் மரத்தைக் காட்டினேன். மரத்தில் அப்போது ஒன்றுமில்லை. எடுத்த படங்களைப் பார்க்கலாமா என்று சங்கடத்தோடு கேட்டார். கேமராவைக் கொடுத்தேன். நூறு படத்துக்கு மேல் பொறுமையாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"பரவால்ல லா அண்ணே," என்றார். "இதுல யாரையும் அடையாளம் தெரியாது."

அப்படி நான் விடுவிக்கப்பட்டேன். ஆனாலும் மூன்றாம் மாடியில் ஒரு வீட்டுத் திரைச்சீலை அதற்குப் பிறகு திறந்து நான் பார்த்ததில்லை.

பேச்சு நாள் வந்தது. டேவான் மண்டப வாசலில் பெரிய பதாகை. ஒரு பக்கம் என் முகம், மறு பக்கம் ஒரு பறவை. ஆரஞ்சு நிறத்தில் பெரிய அலகு. பினாங்கில் மட்டுமல்ல, இந்தக் கண்டத்திலேயே இல்லாத பறவை. அச்சடித்தவர் இணையத்தில் அழகான பறவை என்று தேடி எடுத்திருக்கிறார். அதன் கீழே 'பறவைக் கலைச் செம்மல்' என்று போட்டிருந்தது. உள்ளே நாற்பது பேர் இருந்தார்கள். தமிழ் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை எல்லாம் முடிந்து என்னிடம் ஒலிவாங்கி வரும்போது பின்வரிசைக்கு மீகூன் சேமியாவின் வாசனை எட்டிவிட்டது. நான் பொதுவாகப் பேசினேன். பொறுமை வேண்டும், இயற்கையை நேசிக்க வேண்டும் என்றேன். கைதட்டினார்கள். எனக்கே ஆச்சரியமாக இருந்தது, ஒன்றும் தெரியாமல் எவ்வளவு நேரம் பேச முடிகிறது என்று.

கேள்வி நேரத்தில் ஓர் அம்மா எழுந்தார். நாற்பது வயது இருக்கும். நிபோங் திபால் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. மோட்டாரிலேயே பாலம் தாண்டி வந்திருந்தார். ஒரு கையில் தலைக்கவசம், மறு கையில் நோட்டுப் புத்தகம், தோளில் பள்ளிக்கூடத்துப் பெயர் ஒட்டின கேமரா. அதுவரை நான் பேசியதில் அவர் ஒரு வரிகூட எழுதவில்லை என்பதை மேடையிலிருந்தே கவனித்திருந்தேன்.

"சார், அந்த நாட்காட்டிப் படம் எடுத்தப்போ ஃபோகஸ எங்க வச்சீங்க? கண்ணுலயா, உடம்புலயா?"

கண்ணில் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். பள்ளிக்கூடத்து கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு அவ்வளவு தூரம் வந்த ஆளிடம் என்னால் சொல்ல முடியவில்லை.

"கிளையில வச்சேன் டீச்சர். பறவையிலயே வைக்கல. அது வந்ததே எனக்குத் தெரியாது," என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மறந்துபோன ஷட்டர் வேகம், கோபத்தில் அணைத்த ஃபோகஸ், முழங்காலுக்குக் கீழே அட்டை, இறுக்கின இடது கை. இரண்டு வருடத்தில் தெளிவாக விழுந்தது அந்த ஒன்றுதான் என்றும் சொன்னேன். சொல்லி முடித்தபோது காது சூடாக இருந்தது. நாற்பது பேரும் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள் என்று நினைத்தேன்.

சிரித்தார்கள்தான். பிறகு தலைவர் ஒலிவாங்கியை வாங்கி, பார்த்தீர்களா, உண்மையான கலைஞன் தன்னைப் பற்றி இப்படித்தான் சொல்வான், இந்த அடக்கம்தான் நம் சமுதாயத்துக்கு வேண்டும் என்றார். முதலில் கைதட்டினதைவிடப் பலமாகத் தட்டினார்கள். இன்னொரு பொன்னாடை வந்தது. மீகூன் வாங்குகிற வரிசையில் ஒருவர் என் தோளைத் தொட்டு, அட்டை உவமை பிரமாதம் என்றார். அது உவமை இல்லை என்றேன். புரிகிறது என்று கண்ணடித்தார். டீச்சரைத் தேடினேன். மூலையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். கடந்து போகும்போது நோட்டைப் பார்த்தேன். 'கிளை' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். அதன் கீழே 'ஆயிரத்தில் ஒன்று'.

மறுநாள் காலை முப்பது பேர் காட்டுப் பாதை வாசலில் கூடினார்கள். மன்றத்து மஞ்சள் டி-சட்டை எல்லோருக்கும். ஒருவர் பறவைச் சத்தம் போடுகிற ஒலிபெருக்கி கொண்டுவந்திருந்தார். பயணத்தைத் தலைவர் தொடங்கி வைத்ததால் அவருக்கும் ஒரு பொன்னாடை, சரிகை வைத்தது. கொசுவுக்கு நல்லது என்று அதைக் கழற்றாமலே மலையேறினார். முப்பது மஞ்சள் சட்டை, ஒரு ஒலிபெருக்கி, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களின் சரசரப்பு. ஒரு மணி நேரம் எந்தப் பறவையும் வரவில்லை. ஒரு குரங்கு மட்டும் வந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போனது.

பிறகு எதிர்பாராமல் ஒரு துடுப்புவால் கரிச்சான் வந்து எங்களுக்கு நேரே, ஆறு மீட்டர் தூரத்தில் ஒரு கொடியில் உட்கார்ந்தது. வாலின் இரண்டு முனையிலும் தொங்குகிற துடுப்பு அசைகிறது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஐந்து வாரம் படித்தது எதுவும் எனக்கு ஞாபகம் வரவில்லை. கை தானாக எல்லாவற்றையும் தானியங்கிக்குத் தள்ளிவிட்டு அழுத்தியது. அதே நொடியில் தலைவர், அதோ அதோ என்று கையை நீட்டிக்கொண்டு லென்ஸுக்கு முன்னால் ஓர் அடி வைத்தார். பறவை பறந்துவிட்டது.

காட்டுங்கள் காட்டுங்கள் என்று முப்பது பேரும் சூழ்ந்தார்கள். திரையைத் திருப்பினேன். பின்னால் கரிபூசினது போல ஒரு கறுப்புத் தீற்றல். முன்னால் தலைவரின் தோள். அதில் பொன்னாடைச் சரிகை, ஒவ்வொரு நூலும் தனித்தனியாக, அதில் ஒட்டியிருந்த ஒரு பனித்துளி உட்பட, இம்மி பிசகாமல் தெளிவாக விழுந்திருந்தது. என் வாழ்க்கையில் நான் எடுத்த படங்களிலேயே கூர்மையான படம் அதுதான். தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். நன்றாக வந்திருக்கிறது, உடனே அனுப்புங்கள் என்றார். அன்று மாலைக்குள் அவருடைய கைப்பேசி முகப்புப் படம் அதுவாக இருந்தது.

எல்லோரும் கடைக்குச் சாப்பிட இறங்கினார்கள். நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டே பின்னால் வந்தபோது, பாதைத் திருப்பத்தில் டீச்சர் தனியாக உட்கார்ந்திருந்தார். அவர் எங்களோடு முன்னால் வரவே இல்லை. ஒரு பட்ட மரத்து முண்டைச் சாய்ந்து பார்க்கும்படி கேமராவை ஒரு கல்லின் மேல், சுருட்டின மழைச்சட்டைக்கு நடுவில் புதைத்து வைத்திருந்தார். ஏன் இந்த இடம் என்று கேட்டேன். முண்டின் மேல் வெள்ளையாக எச்சம் காய்ந்திருந்தது, அடிக்கடி வந்து உட்காருகிற இடமாகத்தான் இருக்கும் என்று நினைத்தாராம். எச்சத்திலேயே ஃபோகஸ் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாராம். இரண்டு வருடம் அந்த வழியில் நடந்திருக்கிறேன். எச்சத்தை மிதித்திருக்கிறேனே தவிர, பார்த்ததில்லை.

படத்தைக் காட்டினார். சின்னப் பறவை, முழுக்க மங்கல் பழுப்பு. ஆனால் கண் அவ்வளவு தெளிவு. கண்ணைச் சுற்றின தோலின் சுருக்கம்கூடத் தெரிந்தது.

"இது என்ன குருவி சார்?"

"தெரியல டீச்சர்," என்றேன். காட்டுக்குள் யாரிடமும் நான் அப்படிச் சொன்னதில்லை.

கீழே கடையில் அவர் அந்தப் படத்தைச் சிலருக்குக் காட்டினார். கலர் இல்லையே என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் பார்க்காமலே சூப்பர் டீச்சர் என்றார்.

அதற்குப் பிறகு நான் லென்ஸைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பதை விட்டேன். பையில் வைத்து எடுத்துப் போவேன். யாரும் வழி விடுவதில்லை, எதுவும் கேட்பதும் இல்லை. வேலை இல்லாத நாட்களில் ஒரே இடத்தில் உட்கார்ந்தேன். எச்சம் தேடினேன். ஃபோகஸின் நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வைத்துக் கிளையைப் பிடிப்பது, பறவை வந்ததும் உடனே அழுத்தாமல் அது தலையைத் திருப்பும்வரை விடுவது, மூச்சை வெளியே விட்டுவிட்டு அழுத்துவது, இதெல்லாம் ஒவ்வொன்றாகப் பழக மாதங்கள் ஆயின. முதலில் பத்தில் ஒன்று தேறியது. பிறகு மூன்று. ஒரு மழைக்காலம் முடிந்தபோது பத்தில் ஆறு. டீச்சரோடு படங்களை அனுப்பிப் பரிமாறிக்கொண்டோம். அவர் பள்ளிக்கூடத்துச் செம்பனை வரிசைகளுக்கு நடுவில் ஆந்தை எடுத்தார். என்னைவிட அவருக்கு எப்போதும் ஒன்றிரண்டு கூடத் தேறும். அதற்கு நான் ஒரு காரணமும் கண்டுபிடிக்கவில்லை.

மறு வருடம் தலைவர் மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை நான் உண்மையாகவே தயார் செய்தேன். ஒரே பறவையை ஐந்து வேகத்தில் எடுத்த படம், முக்காலியோடு, முக்காலி இல்லாமல், கிளையில் ஃபோகஸ், இலையில் ஃபோகஸ் என்று வரிசையாகத் திரையில் போட்டு, ஏன் ஒன்று தெளிவு, ஏன் ஒன்று மங்கல் என்று விளக்கினேன். ஞாயிறு காலை பத்து மணி. பன்னிரண்டு பேர் வந்தார்கள். இருபதாவது நிமிடத்தில் தலைவர், வேறு ஒரு திறப்பு விழா இருக்கிறது என்று கைகூப்பிவிட்டுப் போனார். அவரோடு நான்கு பேர் போனார்கள். மீதி இருந்தவர்களில் ஒருவர் தூங்கினார். இருவர் அடுத்து அந்த டேவானில் பூப்பந்து விளையாடக் காத்திருந்தவர்கள். முடிந்ததும் ஒருவர் என் கையைப் பிடித்து, தப்பாக நினைக்கக் கூடாது, போன தடவை பேச்சில் இருந்த சுவை இதில் இல்லை என்றார். எல்லாம் எண்ணாக இருக்கிறது, மனதைத் தொடவில்லை என்றார்.

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னால் என்ன சொல்வாள் என்று யோசித்துக்கொண்டே ஒயர்களைக் கழற்றினேன். அதற்குள் பூப்பந்துக்காரர்கள் வலை கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். டீச்சர் மட்டும் நோட்டோடு நின்றார். கண் தெளிவாக வரும்போது அலகு நுனி மங்குகிறது, அலகைப் பிடித்தால் கண் போகிறது, பறவை பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருப்பதா, லென்ஸ் துவாரத்தைச் சுருக்குவதா என்று அவருக்குச் சந்தேகம். சுருக்கலாம், ஆனால் அந்த இருட்டில் வெளிச்சம் போதாது என்றேன். எவ்வளவு போதாது என்று கேட்டார். வெளியே வாசல் படிக்கு வந்தோம். வெயிலில் கேமராத் திரை தெரியவில்லை. அவர் தலைக்கவசத்தைத் தூக்கித் திரைக்கு மேல் நிழலாகப் பிடித்தார். நான் குனிந்து, அவர் எடுத்த ஆந்தையின் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்க்க ஆரம்பித்தேன்.